வேலியில்லாத தெருவில் ஒரு வேலிச் சண்டை

சென்ற மாசி மாதம் எமது வீட்டில் மாமியின் அந்தியேட்டி நடந்தது. ரொக்ஸ்பரோவில் நாமிருப்பது சிறிய தெரு, நடைபாதை கிடையாது. ஸ்நோ இரு கரையிலும் குவிந்துவிட்டால் இருக்கிற அகலத்திலும் பாதி போய்விடும். லசாலிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் வந்தவர்களின் கார்கள் பதினேழு. அவற்றிலொன்றின் மூக்கு, அடுத்த வீட்டுக் கிழவரின் ட்றைவ்வே வாசலை இரண்டு முழமளவில் மறித்துவிட்டது.

அவர் கதவைத் தட்டவில்லை. பிரெஞ்சில் ஒரு துண்டு எழுதிக் கார்க் கண்ணாடியில் செருகிவிட்டுப் போனார். மறுநாள் காலை தனது வீட்டுக்கு முன்னால், தெருவிலேயே, இரண்டு பிளாஸ்ரிக் கதிரைகளைக் கொண்டுவந்து வைத்தார். ஸ்நோ வழிக்கும் வண்டி வரும்போது எடுப்பார். பிறகு திரும்ப வைப்பார்.

"உது துவேசம் அண்ணை. றோட்டென்ன அவற்றை சீதனமே? 311க்கு அடியுங்கோ" என்றார் நண்பரொருவர்.

நண்பர் சொன்னதில் பாதி சரி. தெரு மாநகரசபையினுடையது, வீட்டுக்கு முன்னாலிருக்கும் துண்டு என்பதற்காக அது வீட்டுக்காரருக்குச் சொந்தமாகிவிடாது. ஆனால் ட்றைவ்வே வாசலை மறித்து வாகனம் விடுவதும் இங்கு சட்டப்படி பிழை என்பதை அவர் சொல்லவில்லை. நான் தொலைபேசியை எடுத்தேன், பின் வைத்துவிட்டேன். ஏன் வைத்தேன் என்பதைச் சொல்லவே இக்கட்டுரை. அதற்குச் சற்றுத் தூரம் பின்னால் போகவேண்டும்.

வேலிச் சண்டை யாழ்ப்பாணத்தானின் பிறவிக்குணம் என்று எம்மில் பலர் எழுதியும் பேசியும் வருகிறோம். இந்தச் சுயபரிகாசத்தில் எனக்கு உடன்பாடில்லை. சட்டம் வளர்த்துவிட்ட ஒன்றைக் குணமென்று சொல்லிவிட்டால் மேற்கொண்டு யோசிக்கவேண்டிய தேவையில்லாமற் போய்விடுகிறது.

ஒல்லாந்த திசாவையான கிளாஸ் ஐசாக்ஸ் 1707இல் தொகுத்துக் கொடுத்து, பன்னிரண்டு முதலியார்கள் பார்த்து ஒப்புக்கொண்ட தேசவழமையில் அயலவன் முக்கியமான ஆள். எல்லை தாண்டிச் சாயும் மரத்தின் பலன் யாருக்கு என்பதுவரை அது பேசுகிறது. காணியை விற்பதானால் முதலில் உரித்தாளருக்கும் பங்காளருக்கும், காணியை ஈடாக வைத்திருக்கும் அயற்காணிக்காரருக்கும் அறிவிக்கவேண்டும் என்கிறது. 1806இல் ஆங்கிலேயர் இதற்குச் சட்டவலுக் கொடுத்தனர். ஆனால் அவர்களே இன்னொன்றையும் கொண்டுவந்தனர். ஒல்லாந்தர் சட்டத்தில் மூன்றிலொரு நூற்றாண்டாக இருந்த ஆட்சியுரிமைக் காலத்தைப் பத்தாண்டாகக் குறுக்கினர். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டம் அதை உறுதிசெய்தது. தடையின்றி, எதிரிடையாகப் பத்தாண்டு அனுபவித்தவனுக்கு நிலமும் உரித்தாகலாம், வழியும் உரித்தாகலாம்.

இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். சீதனமென்று பரப்புக் கணக்கில் துண்டாடப்பட்ட காணிகள். கதியாலும் கிடுகுமான வேலி. அடைக்கும்போதெல்லாம் ஒரு சாண் நகரக்கூடிய எல்லை. இதில் அயலவன் நடந்துபோவதைப் பத்து வருடம் பார்த்துக்கொண்டிருந்தவன் வழியை இழக்கலாம். அனுமதித்தேன் என்று நிரூபித்தால் தப்பலாம். வாய்வார்த்தையை நீதிமன்றத்தில் எப்படி நிரூபிப்பது? பெருந்தன்மைக்குத் தண்டம் விதிக்கும் சட்டத்தின்கீழ், சண்டை பிடிப்பதே புத்தியுள்ளவன் செய்யும் வேலையாகிவிடுகிறது. பிரக்கிராசிமார் வீடு கட்டியதும் இப்படித்தான்.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. வாடகையோ விளைவோ கொடுத்து, அல்லது தொண்டு செய்து இருந்தவனுக்கு அச்சட்டம் ஆட்சியுரிமை கொடுக்காது. வெள்ளாளரின் காணியில் தலைமுறையாகக் குடியிருந்து தொண்டு செய்த மக்களுக்கு நூறு வருடமானாலும் ஒரு குழி நிலம் சேராமற்போனதற்கு அந்த ஒரு வாசகமும் காரணம். எமது வேலிச் சண்டைகள் காணி உள்ளவர்களின் சண்டைகள். வேலிக்கு வெளியே நின்று கிணற்றைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களிடம் வழக்கு வைக்கவும் எதுவுமிருக்கவில்லை.

வடமராட்சியில் எங்கள் வளவோடு ஒட்டிய ஒழுங்கைத் துண்டொன்றால் பக்கத்து வளவுக்காரரின் மாட்டுவண்டி போய்வர ஐயா விட்டிருந்தார். பதினோராம் வருடம் அது தன் வழியென்று அவர் வழக்கு வைத்தார். தவணை மேல் தவணை. 1980களின் நடுப்பகுதியில் நீதிமன்றங்கள் முடங்கிப்போயின, வழக்கும் நின்றுவிட்டது. ஆனால் சண்டை நிற்கவில்லை. விசாரிப்பதற்குத் துவக்கு வைத்திருந்த பொடியள் ஊருக்குள் இருந்தார்கள்.

ஒரு நாள் அவரைப் பற்றி முகாமொன்றுக்குப் பெட்டிசம் போனது. அவர் வீட்டுக்கு ஆமிக்காரர் வந்துபோவதாக அதில் எழுதியிருந்தது. ஒழுங்கையைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அதை எழுதியவன் நான். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. ஐயாவுக்குத் தெரியாது; கடைசிவரை நான் சொல்லவுமில்லை.

இரண்டு இரவு வைத்திருந்து அவரை விட்டார்கள். அதன்பின் அவர் வேலிப்பக்கம் வந்ததில்லை. ஒழுங்கை எங்களுக்கே ஆயிற்று. அந்த இரண்டு இரவும் அவருக்கு என்ன நடந்ததென்று நான் யாரிடமும் கேட்கவில்லை.

நண்பர் 311 என்று சொன்னபோது என் விரல் நின்றது இதனால்தான். மாநகரசபை முகாமல்ல, முறைப்பாடு பெட்டிசமுமல்ல. அது எனக்குத் தெரியும். எழுதத் தொடங்கும்போது கைக்கு வரும் வேகம் மட்டும் ஒன்றாக இருந்தது.

இங்குள்ள சட்டத்தைத் தேடிப் படித்தேன். 1664இல் புதிய பிரான்சுக்கு விதிக்கப்பட்ட பாரிஸ் வழமை, உறுதியில்லாமல் வழியுரிமை இல்லை, நூறு வருடம் அனுபவித்திருந்தாலும் இல்லை என்றது. 1994 ஜனவரி 1 முதல் நடைமுறையிலிருக்கும் கியூபெக் சிவில் சட்டக்கோவையின் 1181ஆம் உறுப்புரையும் அதையே சொல்கிறது. பொறுத்துக்கொண்டதை வைத்து எவரும் உரிமை கோரமுடியாது என்கிறது 924. சாதாரணமான அயல் தொந்தரவுகளை அயலவர்கள் ஒருவர்க்கொருவர் சகித்துக்கொள்ளவேண்டும் என்கிறது 976. எது சாதாரணம் என்பதற்கு உள்ளூர் வழக்கத்தையும் அளவுகோலாக வைக்கிறது. யாழ்ப்பாணத்தின் வழமையை எழுதிவைத்த அதே காலத்தில் இங்கு வேறொரு வழமை ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அதில் விட்டுக்கொடுத்தவன் எதையும் இழப்பதில்லை. நாங்கள் இங்கு வந்தபோது பத்தாண்டுப் பயத்தையும் கொண்டுவந்தோம். அந்தச் சட்டம் அங்கேயே நின்றுவிட்டது.

ஒரு சனிக்கிழமை போய்க் கிழவரின் கதவைத் தட்டினேன். பயந்த அளவுக்கு ஒன்றுமில்லை. 1914இல் தனி நகரமாகி 2002இல் மொன்றியலோடு சேர்க்கப்பட்ட ரொக்ஸ்பரோவை இன்னும் தனி நகரமென்றே நினைத்துக் கதைக்கிற மனிதர். ரயிலெடுக்கப் போகிறவர்கள் முன்னரெல்லாம் இந்தத் தெருவில் காரை விட்டுவிட்டுப் போவார்களாம். கதிரைப் பழக்கம் அப்போது வந்ததாம். 2020 முடிவில் அந்த ரயில் நின்றபின் கதிரைகள் நிலவறைக்குப் போய்விட்டன. இப்போது மனைவி சக்கர நாற்காலியில். அவரை ஏற்ற வரும் வாகனம் ஸ்நோ குவியலுக்குள் திரும்ப இடம் வேண்டும். அந்தியேட்டி நாளில் அந்த வாகனம் முக்கால் மணித்தியாலம் தெருவில் காத்துநின்றிருக்கிறது. கிழவர் அதைத் துண்டில் எழுதித்தான் இருந்தார். நாங்கள் யாரும் முழுதாக வாசிக்கவில்லை.

மன்னிப்புக் கேட்டேன். தேத்தண்ணி தந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் தாங்கள் மகள் வீட்டுக்குப் போய்விடுவதால், எங்கள் ஆட்கள் வந்தால் தன் ட்றைவ்வேயிலேயே விடலாம் என்றார். பழக்கதோசத்தில், அதை எழுதித் தருவீர்களா என்று கேட்டுவிட்டேன். எதற்கு என்று கேட்டார். அந்த அளவுக்கு எனது பிரெஞ்சு போதவில்லை.

பக்கத்து வளவுக்காரர் காலமாகிவிட்டார். மகன் ஸ்காபரோவில் இருப்பதாக அறிகிறேன். அவருடைய இலக்கம் ஒருவரிடமிருந்து கிடைத்து இரண்டு மாதமாகிறது. குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறேன். இன்னும் எடுக்கவில்லை.