பேயின் வழக்கு
திகில் படங்களைப் பிள்ளைகளிடம் கைமாற்றுவது குறித்து

1

தமிழில் ‘வயது வந்தோருக்கு மட்டும்’ என்ற ‘ஏ’ சான்றிதழை முதன்முதலில் வாங்கிய படம் 1951இல் வந்த ‘மர்மயோகி’ என்று சினிமா வரலாறு எழுதுகிறவர்கள் சொல்கிறார்கள். ஜுபிடர் பிக்சர்ஸ் தயாரிப்பு, கே. ராம்நாத் இயக்கம், எம்.ஜி.ஆர். கதாநாயகன். முத்தக் காட்சிக்காகவோ ரத்தத்துக்காகவோ அந்தச் சான்றிதழ் கொடுக்கப்படவில்லை. செருகளத்தூர் சாமா நடித்த ராஜா ஆவியாக வந்துபோகும் காட்சிகள்தான் காரணம். 1949ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் படங்களை ‘யு’, ‘ஏ’ என்று இரண்டாகப் பிரித்திருந்தது. பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்கள் பேயைப் பார்க்கக் கூடாது என்று அந்தப் பிரிவினையின்படி முடிவு செய்தார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ‘மர்மயோகி’யில் பேயே கிடையாது. செத்ததாக எல்லோரும் நம்பும் ராஜா சாகவே இல்லை. அநியாயமாக ஆட்சியைப் பிடித்தவளைக் குலைநடுங்க வைப்பதற்காக அவரே ஆவி வேஷம் போட்டு வருகிறார். பகுத்தறிவு பேசிய காலத்துப் படம் அது. பேயைக் காட்டிவிட்டு, ‘இதெல்லாம் வேஷம்’ என்று கடைசியில் துணியை விலக்குகிறது. அந்தத் துணி விலகும் இடத்தைப் பார்க்கும் வாய்ப்பைத்தான் சிறுவர்களுக்குத் தணிக்கை மறுத்தது.

நமக்கு இங்கே முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது. பயத்தை அடுத்த தலைமுறைக்குக் கைமாற்றும் உரிமை யாருடையது? 1951இல் அரசு அதில் ஒரு பங்கைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. அதற்கு முன்னால் அது பாட்டியிடமும் பூசாரியிடமும் கூத்தாடியிடமும் இருந்தது. அவர்கள் எதைக் கைமாற்றினார்கள் என்று பார்க்காமல், இன்று தனக்குப் பிடித்த திகில் படங்களை வீட்டுப் பிள்ளைக்குப் போட்டுக் காட்டும் ஒருவர் என்ன செய்கிறார் என்று புரிந்துகொள்ள முடியாது.

2

எம்.ஏ. தமிழ் வகுப்பில் கலிங்கத்துப்பரணி நடத்தியபோது எங்களுக்கெல்லாம் சிரிப்புதான் வந்தது. செயங்கொண்டாருடைய பேய்கள் பசித்த பேய்கள். அவை புலம்புகின்றன, சண்டை போடுகின்றன, போர்க்களத்தில் கூழ் காய்ச்சிப் பங்கு வைக்கின்றன. பயமும் சிரிப்பும் ஒரே பானையில் கொதிக்கிற இலக்கியம் அது. ‘இப்போதெல்லாம் பேய்ப் படம் காமெடிப் படமாக ஆயிடுச்சு’ என்று அலுத்துக்கொள்கிறவர்கள் பன்னிரண்டாம் நூற்றாண்டுப் பரணியை ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நல்லது.

பரணியைவிட ஆழமாக மக்கள் மத்தியில் பரவியிருந்தது பழையனூர் நீலி கதை. அதற்குப் பல வடிவங்கள் உண்டு, சாரம் ஒன்றுதான். கணவனால் கொல்லப்பட்ட பெண் பேயாகிறாள். அவன் மறுபிறப்பில் வணிகனாக வரும்போது பின்தொடர்கிறாள். கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ‘இவன் என் புருஷன்’ என்று எழுபது வேளாளர் கூடிய சபையில் முறையிடுகிறாள். சபை அவள் பேச்சை நம்பி அவனை அவளோடு அனுப்புகிறது. அவன் சாகிறான். கொடுத்த வாக்குக்காக எழுபது பேரும் தீயில் இறங்குகிறார்கள்.

இந்தக் கதையில் பேய் சும்மா வந்து கழுத்தை நெரிப்பதில்லை, வழக்குத் தொடுக்கிறது. சபை உண்டு, சாட்சி உண்டு, தீர்ப்பு உண்டு. ஆனால் நம் மொழி அந்த வழக்கை என்ன செய்தது? ‘நீலிக்கண்ணீர்’ என்ற ஒரே சொல்லில் அதைத் தள்ளுபடி செய்துவிட்டது. கொலையுண்டவளின் அழுகை பொய்யழுகைக்குப் பெயராகிவிட்டது. எழுபது வேளாளரின் வாக்குத் தவறாமை நினைவுச் சின்னமாக நின்றது. முதல் கொலை மறந்தேபோனது. மொழி எந்தப் பக்கம் நிற்கிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டியதில்லை.

நீலிக்கு இன்னொரு பயணமும் உண்டு. சமணர்களின் ‘நீலகேசி’யில் அவள் சுடுகாட்டில் தவமிருக்கும் முனிச்சந்திரரைப் பயமுறுத்தப் போகிறாள். அவர் பயப்படவில்லை, பேசுகிறார். அவள் அவருக்கு மாணவியாகி, பிற சமயத்தவரோடு ஊர் ஊராகப் போய் வாதம் செய்கிறாள். பயமுறுத்துகிறவள் தர்க்கம் செய்கிறவளாக மாறும் இந்த நகர்வை, அதன் சமயப் பிரச்சாரத்தைத் தள்ளிவைத்துவிட்டு, நாம் எடுத்துக்கொள்ளலாம். பயம் எங்கே போய் முடிய வேண்டும் என்பதற்கு நம்மிடமே இருக்கிற பழைய மாதிரி இது.

3

தமிழ்நாட்டில் சினிமா ஊர்சுற்றத் தொடங்கியது திருச்சியிலிருந்துதான். 1905இல் தென்னிந்திய ரயில்வேயில் இங்கே வேலை பார்த்துக்கொண்டிருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியையும் சில துண்டுப் படங்களையும் விலைக்கு வாங்கி, கூடாரம் அடித்துக் காட்டத் தொடங்கினார். இயேசுவின் வாழ்க்கைப் படமும் அவற்றில் ஒன்று. வெள்ளைத்துணியில் அசையும் நிழல்களை அன்றைக்குப் பெரியவரும் பிள்ளைகளும் ஒன்றாகவே தரையில் உட்கார்ந்து பார்த்தார்கள். வயதுப் பிரிவினை வந்துசேர இன்னும் அரை நூற்றாண்டு போக வேண்டியிருந்தது.

திருச்சியோடு தொடர்புடைய இன்னொருவர் எம்.ஆர். ராதா. 1979இல் இதே ஊரில்தான் இறந்தார். 1954இல் வந்த ‘ரத்தக்கண்ணீர்’ தமிழில் தலைமுறை விட்டுத் தலைமுறை கைமாறிய படங்களில் முதன்மையானது. திருவாரூர் தங்கராசுவின் நாடகம். படத்தை இயக்கியவர்கள் கிருஷ்ணன்–பஞ்சு. அப்பா வசனம் சொல்ல, பிள்ளை மனப்பாடம் செய்ய, அந்தப் படம் அறுபது எழுபது ஆண்டுகளைத் தாண்டிவிட்டது. அதில் பேய் இல்லை. ஆனாலும் தமிழில் ஒரு உடல் சிதைவதைப் பார்த்து மிரள வைத்த முதல் பெரிய படம் அதுதான் என்பேன். மோகனசுந்தரத்தின் முகம் குஷ்டத்தால் மாறிக்கொண்டே போவதைப் பார்த்துத்தான் பலரும் கண்ணை மூடினார்கள், பிறகு அவர் பேச்சைக் கேட்டுச் சிரித்தார்கள். பரணியின் பானை மறுபடியும்.

எண்பதுகளில் ‘டெக்’ வந்தது. கலர் டிவியையும் வீடியோ டெக்கையும் ஒரு ராத்திரி வாடகைக்கு எடுத்து, விடியவிடிய மூன்று நான்கு படம் பார்ப்பது ஒரு தெருவுக்கே திருவிழா. சான்றிதழை யாரும் கேட்கவில்லை. அதே காலத்தில் பிரிட்டனில், 1981இல் வந்த ‘ஈவில் டெட்’ போன்ற படங்கள் கேசட் வழியாக வீட்டுக்குள் நுழைவதைக் கண்டு பதறி, 1984இல் வீடியோவுக்கென்றே ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். இங்கே பாயும் தலையணையும் போர்வையும்தான் தணிக்கை. ‘கண்ணை மூடிக்கோ’ என்று அத்தை சொல்வாள், விரலிடுக்கில் பார்ப்போம். தொண்ணூறுகளின் பிற்பாதியில் சன் டிவியில் வந்த ‘மர்மதேசம்’ தொடரின் ‘விடாது கருப்பு’, குதிரைக் குளம்படியை வீட்டுக்கூடத்துக்கே கொண்டுவந்து சேர்த்தது. குலசாமியிடம் இருந்த பயம் பெட்டி வழியாக மறுபடி குடும்பத்துக்குள் வந்தது என்று அதைச் சொல்லலாம்.

4

படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு மாற்றம் தெரிகிறது. 1951இல் பேய் வேஷம். 1978இல் துரை இயக்கிய ‘ஆயிரம் ஜென்மங்க’ளில் பேய் நிஜம், காதலித்தவனின் மனைவி உடம்புக்குள் அது புகுந்துகொள்கிறது. மலையாள ‘யக்ஷகான’த்தின் தமிழாக்கம் அது. பேயின் ஏக்கம் நமக்குப் புரிகிறது, ஆனால் படம் அவளை விரட்டுவதில்தான் குறியாக இருக்கிறது. வழக்கைக் கேட்காமல் வழக்காடுகிறவளை வெளியேற்றுகிற கதையாடல்.

அதே 1978இல் பாரதிராஜாவின் ‘சிகப்பு ரோஜாக்கள்’, 1980இல் பாலுமகேந்திராவின் ‘மூடுபனி’. இரண்டும் இன்றும் ரசிகர்கள் கொண்டாடும் படங்கள். இரண்டிலும் இளையராஜாவின் இசை தரும் நடுக்கம் குறையவில்லை. பேய் போய் மனிதன் வந்துவிட்டான். இங்கே கொல்லப்படுகிறவர்கள் பெண்கள். கொலைகாரன் ஏன் இப்படி ஆனான் என்று பின்கதை சொல்லும்போது இரண்டு படங்களும் கை நீட்டுவது பெண்களை நோக்கித்தான்: ஒன்றில் துரோகம் செய்தவள், மற்றதில் அப்பாவைக் கெடுத்தவள். நீலி கதையில் கொலையுண்டவளுக்குச் சபையில் நின்று பேச ஒரு வாய் இருந்தது. இந்தப் படங்களில் பேசுகிறவன் கொன்றவன். செத்தவர்கள் தோட்டத்து மண்ணுக்குள் இருக்கிறார்கள்.

தணிக்கை எண்ணுவது ரத்தத்தை. தீர்ப்பை அது எண்ணுவதில்லை. ஒரு பதினைந்து வயதுப் பெண்ணை ‘மர்மயோகி’யின் ஆவி என்ன செய்துவிடும்? ‘கொலைக்கு ஒரு வகையில் அவர்களும் காரணம்’ என்று இசையோடும் அழகான ஒளிப்பதிவோடும் ஒரு படம் சொல்லிக்கொடுத்தால், அது அல்லவா உள்ளே போய் உட்காரும்?

5

இதை நான் வெறும் கோட்பாடாகச் சொல்லவில்லை. பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்து லீவுக்கு வந்த அக்கா மகளுக்குப் போட்டுக் காட்ட ஒரு பட்டியல் வைத்திருந்தேன். ‘ரத்தக்கண்ணீர்’ பார்த்து முடித்த மறுநாள் முக்கொம்புக்குப் போயிருந்தோம். காவிரி அங்கேதான் பிரிந்து கொள்ளிடமாகவும் காவிரியாகவும் ஸ்ரீரங்கத்தைத் தீவாக்கிக்கொண்டு போகிறது. 1830களில் ஆர்தர் காட்டன் கட்டிய மேலணை. 2018 ஆகஸ்டில் ஒரு ராத்திரி, வெள்ளத்தில் கொள்ளிடம் பக்கத்து மதகுகள் ஒன்பது அடித்துக்கொண்டு போனதும் இங்கேதான்.

சின்ன வயதில் எங்களைத் தண்ணிப் பக்கம் விடாமலிருக்க, ‘சுழலுக்குள்ள ஒரு பொம்பள இருக்கா, காலப் புடிச்சு இழுத்துருவா’ என்று பாட்டி சொல்வாள். மதகுக்குக் கீழே தண்ணீர் சுழித்து இழுக்கும். நீச்சல் தெரிந்தவனும் தப்புவது கஷ்டம். ஆக அந்தப் பயத்துக்கு ஒரு வேலை இருந்தது. இதை அவளிடம் சொன்னேன். கேட்டுவிட்டு அவள், ‘‘சரி மாமா, அந்தப் பொம்பள யாரு? அவ ஏன் ஆத்துல விழுந்தா?’’ என்றாள். எட்டு வயதில் நாங்கள் கேட்காத கேள்வி. பாட்டியிடம் பதிலும் இருந்திருக்காது.

எட்டு வயதுக்குப் பயம் போதும். பதினைந்து வயதுக்கு வழக்கு விவரம் வேண்டும். பதின்வயது என்பதே இந்த மாற்றம்தான் என்று தோன்றுகிறது.

அன்றைக்கே அடுத்த கேள்வியும் வந்தது. ‘‘அந்த ஆளு பண்ணுன தப்புக்கும் குஷ்டத்துக்கும் என்ன மாமா சம்பந்தம்?’’ ஒரு சம்பந்தமும் இல்லை. அது கிருமியால் வருவது, மருந்தால் குணமாவது, 1981இலேயே உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்து சிகிச்சையைப் பரிந்துரைத்துவிட்டது. சாதியையும் மூடத்தனத்தையும் கிழித்த படம், நோயை மட்டும் பாவத்தின் சம்பளமாக வைத்துக்கொண்டது. ராதாவின் மேதைமை இதனால் குறைவதில்லை. ஆனால் வசனத்தைக் கைமாற்றிய நாம் இதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும்.

பிறகு ‘மணிச்சித்திரத்தாழ்’ (1993), ‘சந்திரமுகி’ (2005) இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தோம். மலையாளப் படத்தில் நாகவல்லி தஞ்சாவூரிலிருந்து வந்த தமிழ் நடனக்காரி; கோபத்தில் தமிழ் பேசுகிறாள். தமிழுக்கு வந்ததும் அதே பேய் தெலுங்கு பேசுகிறது. ‘‘பேய் எப்பவும் பக்கத்து ஊர்க்காரிதானா?’’ என்று சிரித்தாள் அவள். மற்றமை பற்றி நாம் பக்கம் பக்கமாக எழுதுவதை ஒரு வரியில் பிடித்துவிட்டாள். முக்கொம்பில் நிற்கும் எங்களுக்குத் தஞ்சாவூர் இதே தண்ணீர் போய்ச்சேரும் ஊர். மலைக்கு அந்தப் பக்கம் அது பேய் வரும் திசை.

ராகவா லாரன்சின் ‘காஞ்சனா’வை (2011) அவள் ஏற்கெனவே பார்த்திருந்தாள். சரத்குமார் நடித்த திருநங்கையை நிலத்துக்காகக் கொல்கிறார்கள், பேயாகி வருகிறாள். படத்தில் இரைச்சல் ஜாஸ்தி. அம்மாவின் இடுப்பில் ஏறிக்கொள்ளும் கதாநாயகனின் கூத்து அலுக்கிறது. இருந்தாலும் பேய் தன் கதையைத் தானே முழுசாகச் சொல்கிறது. யாரிடமிருந்து எந்த நிலம் பறிக்கப்பட்டது என்ற விவரம் இருக்கிறது. ‘ஆயிரம் ஜென்மங்க’ளில் கேட்கப்படாத வழக்கு இங்கே கேட்கப்படுகிறது. விமர்சகர்கள் ஒதுக்கிய ஒரு வெகுஜனப் படத்தில் நீலிக்குச் சபை திரும்பக் கிடைத்திருக்கிறது.

‘சிகப்பு ரோஜாக்க’ளை இன்னும் காட்டவில்லை. பதினெட்டு ஆகட்டும். அப்போதும் ரத்தத்தைப் பற்றியல்ல, அந்தப் பின்கதையைப் பற்றித்தான் அவளோடு பேச வேண்டியிருக்கும்.

6

1983இல் ‘யு’வுக்கும் ‘ஏ’வுக்கும் நடுவே ‘யு/ஏ’ வந்தது. 2023ஆம் ஆண்டுத் திருத்தமும் 2024 விதிகளும் அதை 7, 13, 16 என்று மூன்றாகப் பிரித்திருக்கின்றன. இந்த எண்கள் பெற்றோருக்கான வழிகாட்டல்தான்; தியேட்டர் வாசலில் தடுப்பதற்கல்ல. 1951இல் எடுத்துக்கொண்ட பங்கில் கொஞ்சத்தை அரசு வீட்டிடம் திருப்பிக் கொடுத்திருக்கிறது என்று இதை வாசிக்கலாம். கொடுத்ததை வாங்கிக்கொண்டு நாம் என்ன செய்யப்போகிறோம் என்பதுதான் இனி விஷயம்.

தனக்குப் பிடித்த படத்தைக் காட்டுகிற பெரியவருக்கு ஒரு அதிகார ஆசை உண்டு: நான் எங்கே பயந்தேனோ அங்கேயே நீயும் பயப்படு, நான் எங்கே கைதட்டினேனோ அங்கேயே தட்டு. பிள்ளை வேறு இடத்தில் சிரித்தால் முகம் சுருங்கிவிடுகிறது. அந்த ஆசையை விட்டால்தான் படம் உண்மையில் கைமாறும். செத்தது யார், கொன்றது யார், யாருக்குப் பேச வாய் கொடுத்திருக்கிறார்கள், தீர்ப்பு சரியா என்று பிள்ளை கேட்கும்போது, நாம் பல காலம் கொண்டாடிய ஒரு படம் தோற்றுப்போகலாம். நாம் சட்டை செய்யாத ஒன்று ஜெயிக்கலாம். இரண்டுக்கும் தயாராக இருக்க வேண்டும். ‘நீலிக்கண்ணீர்’ என்ற சொல்லை நாம் யோசிக்காமல் சொல்லிப் பழகிவிட்டோம். அடுத்த தலைமுறை அதைச் சொல்வதற்கு முன்னால், அவள் எதற்காக அழுதாள் என்று ஒருமுறை கேட்கட்டும்.