சதுரங்கப் பலகை, பால்மரத்தில்

ஜொகூர் மாநிலத்தின் குளுவாங் மாவட்டத்தில் உள்ள சிம்பாங் ரெங்கம் வட்டாரத்தில் சதுரங்கப் பலகைக்கு எளிதில் கிடைக்கும் வெளிர்நிற மரம், மலேசியத் தமிழர் பால்மரம் என்றழைக்கும் ரப்பர் மரம். 25 முதல் 30 ஆண்டுகளில் பால் வற்றியதும் வெட்டப்படும். பூஞ்சையும் துளைப்பூச்சியும் எளிதில் தாக்குவதால், அறுத்த கையோடு போரான் மருந்தேற்றிச் சூளையில் உலர்த்துவார்கள். கருங்கட்டங்களுக்கு மெர்பாவ் மரம் பொருந்தும்.

இங்கே குளிர்காலம் கிடையாது. மரத்தை அசைப்பவை, நவம்பரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழையும் குளிர்சாதன அறையின் வறண்ட காற்றும்தான். மரம் நீளவாக்கில் அநேகமாக அசையாது. அகலவாக்கில் விரிந்து சுருங்கும். ஆண்டு வளையத்தின் போக்கில் ஏற்படும் சுருக்கம், நடுவிலிருந்து பட்டை நோக்கிய சுருக்கத்தைப்போல் ஏறத்தாழ இருமடங்கு. கட்டம் 5.5 செ.மீ. என்றால் எட்டுக் கட்டம் 44 செ.மீ.; இந்த அகலத்தில் சில மில்லிமீட்டர் வேறுபாடு வரும்.

ஆகவே வெளிர், கருமைக் கீற்றுகளை மாற்றி மாற்றி ஒட்டி, குறுக்கே அறுத்து, ஒன்றுவிட்டொன்றைத் திருப்பி மீண்டும் ஒட்ட வேண்டும். அப்போது 64 கட்டங்களின் நாரும் ஒரே திசையில் ஓடும். பலகை முழுவதும் சேர்ந்தே அசையும். சுற்றுச் சட்டத்தைப் பசையால் இறுக்குவதே பலகை பிளக்கப் பெருங்காரணம். சட்டத்தில் காடி வெட்டிப் பலகையை அதில் மிதக்கவிட்டு, நாருக்கு இணையாக ஓடும் பக்கங்களில் இடைவெளி தரவேண்டும். மெருகெண்ணெய் இருபுறமும் சமமாகப் பூசாவிட்டால் பலகை வளையும். கட்டங்களை மெல்லிய தகடுகளாக அறுத்து ஒட்டுப்பலகைமேல் பதிப்பது இன்னும் பாதுகாப்பானது. அடிப்புறத்திலும் அதே கனத் தகடு ஒட்டவேண்டும்.