குருதி கூறும் மூன்று சாட்சிகள்



செங்கண்மாரி மனிதகுலம் நெடுங்காலமாக அறிந்த நோய். கண்ணின் வெண்மை மஞ்சளாவதைக் கண்டு நம் முன்னோர் அதனை இனங்கண்டனர். ஆயினும் ஈரலின் உள்ளே நிகழ்வது யாது என்பதைக் கண்கள் கூறவில்லை. அதனைக் குருதியிலிருந்து படித்தறிய மனிதன் கற்றுக்கொண்ட வரலாறே இன்றைய பேச்சின் பொருளாகும்.

1942ஆம் ஆண்டிலே, உலகப் போரில் ஈடுபட்டிருந்த ஐக்கிய அமெரிக்கா, தன் படைவீரருக்கு மஞ்சட் காய்ச்சலைத் தடுக்கும் ஊசியை இட்டது. அம்மருந்து கெடாதிருக்கும் பொருட்டு மனிதக் குருதியின் தெளிநீர் அதிற் சேர்க்கப்பட்டிருந்தது. அத்தெளிநீரில் வேறொரு வைரசு மறைந்திருந்தமையை எவரும் அறிந்திலர். ஏறத்தாழ 50,000 வீரர் செங்கண்மாரியுற்றனர். 1987இல் வெளிவந்த ஓர் ஆய்வு, அது ஹெப்பற்றைற்றிஸ் பி வைரசே என்று நிறுவியதுடன், தொற்றுக்குள்ளானோர் 330,000 வரை இருக்கலாமெனவும் மதிப்பிட்டது. அஃதாவது, பெரும்பாலோரின் கண்கள் மஞ்சளாகவேயில்லை. கண்ணை மட்டும் சாட்சியாகக் கொண்டால் எத்துணை நோயாளர் தப்பிவிடுவர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

1955இல் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகர மருத்துவர் முதலாஞ் சாட்சியை முன்னிறுத்தினர். ஈரற்கலங்கள் சிதையும்போது அவற்றின் நொதியங்கள் குருதியிற் கசிகின்றன. அவற்றை அளந்தால் சிதைவை உணரலாம். ஆனால், வீடு எரிகின்றது என்று கூறும் இச்சாட்சி, தீ வைத்தவன் யாரெனக் கூறாது.

அதனைக் கூறியது இரண்டாஞ் சாட்சி. அவுஸ்திரேலியப் பழங்குடி மகன் ஒருவரின் குருதியிற் கண்ட புதிய புரதமொன்றை, புளூம்பேர்க் என்னும் அமெரிக்க அறிஞர் 1965இல் வெளிப்படுத்தினார். அது ஹெப்பற்றைற்றிஸ் பி வைரசின் மேலுறை என்பது பின்னர் தெளிவாயிற்று. தானமாகப் பெறும் குருதியைச் சோதித்துக் கொடுக்கும் வழி அதனாற் பிறந்தது. 1976இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

மூன்றாஞ் சாட்சி 1957இலேயே தோன்றியதாயினும், அதன் பொருள் விளங்கப் பல்லாண்டுகள் சென்றன. இலண்டனில் ஐசாக்ஸ், லிண்டன்மன் என்னும் இருவர், வெப்பத்தால் வலுவிழந்த இன்புளுவென்சா வைரசைக் கோழிமுட்டைச் சவ்விலே சேர்த்தனர். அச்சவ்வு ஒரு பொருளைச் சுரந்தது. அப்பொருள் பட்ட புதிய சவ்வில் வைரசு பெருகவில்லை. அதற்கு இன்ரர்பெரோன் எனப் பெயரிட்டனர். தாக்குண்ட கலம் அயற்கலங்களுக்கு அனுப்பும் எச்சரிக்கைத் தூது அது. இன்ரர்லூக்கின் முதலிய வேறு தூதுகளும் பின்னர் அறியப்பட்டன.

இத்தூதுகள் ஓர் அரிய உண்மையை உணர்த்தின. பி வைரசு ஈரற்கலங்களைப் பெரும்பாலும் நேரே கொல்வதில்லை. வைரசு புகுந்த கலங்களைத் தேடியழிக்கும் நம் காவற்கலங்களே அழற்சியை விளைவிக்கின்றன. ஆயினும் காவலின் வேலை அழிவு மட்டுமன்று. 1999இல், சிம்பன்சிக் குரங்குகளில் நடந்த ஆய்வொன்றில், ஈரற்சிதைவு உச்சமடையுமுன்னரே வைரசின் பெரும்பகுதி நீங்கியிருந்தது. இன்ரர்பெரோன் போன்ற தூதுகள் கலத்தைக் கொல்லாமலே வைரசை விரட்டுகின்றன என்பதற்கு அது சான்றாயிற்று.

அவ்வாறாயின், தூதுகளை அளந்தே நோயைத் துணியலாமே எனச் சிலர் வினவக்கூடும். துணிதல் இயலாது. இன்புளுவென்சாவிலும் பிற தொற்றுகளிலும் இதே தூதுகள் குருதியில் உயர்கின்றன. போர் மூண்டது என்பதையும் அதன் வேகத்தையும் அவை உணர்த்தும். பகைவனின் பெயரை உணர்த்தமாட்டா. ஆகவேதான் நொதியமும், வைரசின் அடையாளமும் இன்றும் மருத்துவருக்கு இன்றியமையாதனவாக உள்ளன.

வரலாறு கற்போர் இதனை எளிதில் உணர்வர். ஒரு கல்வெட்டை மட்டும் கொண்டு ஓர் அரசின் கதையை எழுதுதல் தகாது. எச்சாட்சி எவ்வினாவுக்கு விடை கூறவல்லது என்பதை அறிந்து கேட்பதே அறிவு. கண் மஞ்சளாகாத பல்லாயிரம் வீரரின் குருதி, தன்னிடம் கேட்கப்படாத வினாவுக்கு 45 ஆண்டுகள் விடையுடன் காத்திருந்தது.