போர் ஓய்ந்த ஆர்க்காட்டில் கச்சேரியும் காஜியும்

ஆரணிக்கும் வந்தவாசிக்கும் இடையில் அமைந்த ஊர் பெரணமல்லூர். பட்டு நெசவால் அறியப்படும் இவ்வட்டாரம் பதினெட்டாம் நூற்றாண்டில் படைகளின் வழித்தடமாக விளங்கிற்று. 1751இல் ஆரணியில் ராஸா சாஹிபின் படையைக் கிளைவ் வென்றார். 1760 ஜனவரி 22இல் வந்தவாசியில் பிரெஞ்சுப் படை தோற்றது. 1782 ஜூன் 2இல் ஹைதர் அலியும் அயர் கூட்டும் ஆரணியருகே மோதினர். வெற்றி தோல்விகளை வரலாற்று நூல்கள் விரிவாகவே கூறுகின்றன. போருக்குப்பின் ஆட்சி அமைப்புகள் எவ்வாறு சீர்செய்யப்பட்டன என்பதையே நாம் இங்கு ஆராய்கிறோம்.

போரினும் கொடியதாக அமைந்தது கடன். நவாப் முஹம்மது அலி வாலாஜா கம்பெனிக்கும் அதன் ஊழியர்களுக்கும் பெருங்கடன் பட்டார். நிலவருவாய் கடன்காரர்களுக்கு ஈடாயிற்று. குத்தகையெடுத்தவர் தம் தவணைக்குள் இயன்றதையெல்லாம் பறிக்க முற்பட்டனர். 1785இல் எட்மண்ட் பர்க் இக்கடன்களைப் பற்றிப் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் கடுமையாகக் கண்டித்துப் பேசினார்.

வரிக்குத்தகையின் தீமையை நம் முன்னோர் நன்கு உணர்ந்திருந்தனர். கலீஃபா ஹாரூன் ரஷீதுக்காக இமாம் அபூ யூசுஃப் (ரஹ்) இயற்றிய ‘கிதாபுல் கராஜ்’, குத்தகைதாரர் குடிகளை வதைத்து நாட்டைப் பாழாக்குவர் என எச்சரிக்கிறது. அதற்கும் முன்னர், இராக்கின் ஸவாது நிலங்கள் வெற்றிகொள்ளப்பட்டபோது, அவற்றை வீரர்களுக்குப் பங்கிடாமல் உழவர் கையிலேயே விட்டுவைத்தார் உமர் (ரலி). உஸ்மான் இப்னு ஹுனைஃப் (ரலி) அவர்களை அனுப்பி நிலத்தை அளந்து கராஜ் விதித்தார். இராக்கின் வரிப்பதிவேடுகள் உமய்யா கலீஃபா அப்துல் மலிக் காலம்வரை பாரசீக மொழியிலேயே இருந்தன. வேலை அறிந்தவரையும் அவரது ஏட்டையும் புதிய ஆட்சி பயன்படுத்திக்கொண்டது.

ஆர்க்காட்டிலும் ஏறத்தாழ இதுவே நிகழ்ந்தது. 1801 ஜூலை 31 உடன்படிக்கையால் கர்நாடக ஆட்சி கம்பெனியின் கைக்கு வந்தது. வருவாயில் ஐந்தில் ஒரு பங்கு நவாப் அஸீமுத்தௌலாவுக்கு ஒதுக்கப்பட்டது. ஆனால் கச்சேரியின் மொழி மறையவில்லை. தாசில்தார், தாலுகா, பிர்கா, ஜமாபந்தி, கிஸ்தி, வசூல், பாக்கி, ஜப்தி, அமீனா: அரபியும் பாரசீகமும் தந்த இச்சொற்கள் இன்றும் கிராமத்தவர் நாவில் வழங்குகின்றன. 1792 முதல் பாராமகாலில் அலெக்சாந்தர் ரீடும் அவருடைய உதவியாளர் தாமஸ் மன்றோவும் நிலத்தை அளந்து உழவருடன் நேரே தீர்வை பேசிய முறை, பின்னர் ரயத்துவாரியாக மாகாணத்தில் பரவியது. 1816ஆம் ஆண்டுச் சட்டங்கள் கிராம முன்சீபுக்குச் சிறு வழக்குகளைத் தீர்க்கும் அதிகாரம் அளித்தன.

ஏட்டில் எழுதிய சீர்திருத்தம் அப்படியே நடைமுறைக்கு வந்துவிடவில்லை. தீர்வை கடுமையாக இருந்தது. நெசவாளரின் தறிமீது, ‘முஹ்தரிஃபா’ என்னும் அரபுச் சொல்லின் வழிவந்த தொழில்வரி பல்லாண்டுகள் நீடித்தது. வரி வசூலிக்கக் கீழ்நிலை ஊழியர் குடிகளைச் சித்திரவதை செய்ததை 1855இல் சென்னைச் சித்திரவதை விசாரணைக் குழு உறுதிசெய்தது. கண்காணிப்பில்லாத சீர்திருத்தம் அதிகாரியின் பெயரை மாற்றுமேயன்றிக் குடியின் துயரை மாற்றாது.

இனி, நீக்கப்பட்ட ஓர் அமைப்பைக் காண்போம். கம்பெனி நீதிமன்றங்களில் ஃபத்வா வழங்கும் முஸ்லிம் சட்ட அலுவலர்கள் இருந்தனர். 1862இல் இந்தியத் தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்தபின் அவர்களின் தேவை குன்றியது. 1864ஆம் ஆண்டின் 11ஆம் சட்டம் அவர்களுடன் காஜி நியமனத்தையும் ஒருசேர நீக்கியது. ஆனால் காஜி நீதிமன்ற ஊழியர் மட்டுமல்லர். நிக்காஹ் நடத்துபவரும் அவரே. அரசு நியமித்த காஜியின் முன்னிலையிலேயே நிக்காஹ் நடத்துவது பல பகுதிகளின் வழக்கம். அந்த இடம் வெறுமையாயிற்று. சர் செய்யித் அஹ்மத் கான் முன்மொழிந்து, 1880இல் காஜிகள் சட்டம் நிறைவேறியது. தொடக்கத்தில் அது சென்னை மாகாணத்திற்கே உரியதாயிருந்தது. எனினும் காஜிக்கு நீதி அதிகாரம் எதனையும் அது தரவில்லை. தமிழகத்தின் மாவட்ட காஜிகள் இன்றும் அச்சட்டத்தின்படியே நியமிக்கப்படுகின்றனர்.

வருவாய்க் கச்சேரியின் பயனை அறிந்த அரசு அதனைப் பேணிச் சீர்செய்தது. காஜியின் பணியையோ முழுவதும் அறியாமல் நீக்கி, பதினாறு ஆண்டுகள் கழித்துப் பாதியளவே மீட்டுத்தந்தது. போர் ஓய்ந்த நாடுகளில் ஆட்சியைச் சீரமைக்க முனைவோர், ஓர் அமைப்பைக் களையுமுன் அது மக்களின் எத்தேவைகளை நிறைவேற்றி வந்தது என்பதை ஆராய்தல் இன்றியமையாதது. ஆர்க்காட்டு வரலாறு நமக்கு உணர்த்தும் பாடம் இதுவே.