மயிலை, அடையாறு, தியாகராய நகர்: பழைய ஒளிப்படங்களில் இருப்போரும் இல்லாதோரும்

ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 22 நெருங்கும்போது, சென்னையின் பழைய ஒளிப்படங்கள் நாளேடுகளிலும் அரங்குகளிலும் கைப்பேசித் திரைகளிலும் வரிசைகட்டி வருகின்றன. மயிலைக் குளம், சாந்தோம் தேவாலயம், அடையாற்றின் பழைய பாலம், ஆளரவமற்ற மவுண்ட் ரோடு. 'எவ்வளவு அழகாக இருந்த ஊர்' என்னும் பெருமூச்சும் கூடவே வரும். அந்தப் பெருமூச்சு யாருடையது என்பதை இக்கட்டுரையில் சற்றுப் பார்ப்போம். தென்சென்னைக்கும் மத்திய சென்னைக்கும் உரிய இப்படங்களை வரலாற்றுச் சான்றாகப் பயன்படுத்த விரும்பும் மாணவர்கள் எதை நம்பலாம், எதைக் கேள்விக்கு உட்படுத்த வேண்டும் என்பதையும் சொல்ல முயல்வோம்.

முதலில் படமெடுத்தவர்களைப் பற்றிச் சில செய்திகள். சென்னையில் ஒளிப்படக் கலை 1850களிலேயே வேரூன்றிவிட்டது. ஓவியக் கல்லூரியைத் தொடங்கிய அலெக்சாண்டர் ஹன்டர் அதற்கு முக்கியக் காரணர். பின்னர் நிக்கலஸ், வீலே - கிளைன் போன்ற வணிக நிலையங்கள் வந்தன. அவர்களின் வாடிக்கையாளர்கள் ஐரோப்பியர்களும் உள்ளூர்ச் செல்வர்களும் ஆவர். விற்கக்கூடிய காட்சி எதுவோ அதுவே படமாயிற்று. கோயிலும் தேவாலயமும் மாளிகையும் விற்றன, சேரி விற்கவில்லை. உழைக்கும் மக்கள் படத்தில் இடம்பெற்றபோது 'வகை'களாகவே இடம்பெற்றனர். 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வெளிவந்த 'இந்திய மக்கள்' என்னும் அரசு வெளியீடு சாதிகளையும் பழங்குடிகளையும் மாதிரிகளாக அடுக்கிக் காட்டியது. எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராயிருந்த எட்கர் தர்ஸ்டன், மூக்கையும் மண்டையையும் அளந்தும் படமெடுத்தும் 1909இல் ஏழு தொகுதிகள் வெளியிட்டார். வயநாட்டுப் பணியப் பெண்கள், தங்களைப் பதப்படுத்தி அருங்காட்சியகத்தில் வைக்கப்போகிறார் என அஞ்சி ஓடியதை அவரே அதில் பதிவு செய்திருக்கிறார். அவர் அதை வேடிக்கையாக எழுதினார். அப்பெண்களின் கணிப்பு அவ்வளவு தவறானதல்ல என்றே நமக்குத் தோன்றுகிறது. பின்னால் வந்த அஞ்சலட்டைகளிலும் சலவைத் தொழிலாளி, ஆயா, தோட்டி என்னும் தொழிற்பெயர்கள் உண்டு, ஆட்பெயர் இல்லை. கட்டடத்துக்குப் பெயர், மனிதருக்குச் சாதி என்பதே அந்தக் காலத்துப் படக்குறிப்பின் இலக்கணம்.

மயிலைக் குளத்தின் படங்களுக்கு வருவோம். கபாலீசுவரர் கோயிலின் 120 அடி இராசகோபுரம் 1906இல் எழுந்தது. எனவே குளத்துக்கு அப்பால் அந்த உயர்ந்த கோபுரம் தெரியாத படம் அதற்கு முந்தையது என்று கொள்ளலாம். ஆண்டு குறிக்கப்படாத படங்களுக்கு இப்படிக் கட்டடங்களே காலம் சொல்லும். ஆனால் படிக்கட்டுகளில் நிற்பவர்கள் யார் என்று கேட்டால் வேறொரு காலக்கணக்கு தேவைப்படுகிறது. பொதுச் சாலை, கிணறு, குளம் ஆகியவற்றை ஒடுக்கப்பட்ட மக்கள் பயன்படுத்தலாம் என்னும் ஆணையைப் பெறவே 1920களில் இரட்டைமலை சீனிவாசன், ஆர்.வீரையன் போன்றோர் சென்னைச் சட்டமன்றத்தில் போராட வேண்டியிருந்தது. ஆலய நுழைவுக்கு 1939இல் ஒரு சட்டமும் 1947இல் விரிவான சட்டமும் வந்தன. ஆகவே அதற்கு முந்தைய கோயில் படம் ஒவ்வொன்றிலும் ஒரு கூட்டம் சட்டகத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டிருக்கிறது. அந்த இன்மையும் ஆவணமே.

அடையாற்றின் கதை சற்று மாறுபட்டது. 1882 டிசம்பரில் பிரம்மஞான சபை ஆற்றின் தென்கரைத் தோட்டமொன்றுக்குக் குடிபெயர்ந்தது. அங்குள்ள ஆலமரம் எண்ணற்ற முறை படமெடுக்கப்பட்டிருக்கிறது. அதே சபையின் தலைவர் ஹென்றி ஆல்காட் 1894இல் அருகிலுள்ள ஊரூர்ப் பகுதியில் தலித் குழந்தைகளுக்காக ஓர் இலவசப் பள்ளி தொடங்கினார். கோடம்பாக்கம், தேனாம்பேட்டை, மயிலாப்பூர் என மேலும் பள்ளிகள் பின்தொடர்ந்தன. இன்றைய பெசன்ட் நகரின் ஆல்காட் நினைவுப் பள்ளி இவற்றின் தொடர்ச்சி. 1898இல் அயோத்திதாசர் ஆல்காட்டைச் சந்தித்ததும், பஞ்சமர் பள்ளி ஆசிரியர் கிருஷ்ணசாமியுடன் கொழும்பு சென்று பௌத்தம் தழுவியதும், திரும்பி வந்து இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம் கண்டதும் இந்த நிலப்பரப்பில் நிகழ்ந்தவை. 1907 முதல் அவர் நடத்திய 'ஒரு பைசாத் தமிழன்' இதழும் இராயப்பேட்டையிலிருந்தே வெளிவந்தது. ஆலமரத்துக்குக் கிடைத்த ஒளிப்பட வெளிச்சத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இந்த வரலாற்றுக்குக் கிடைக்கவில்லை.

இதில் ஒரு முரணையும் மறைக்கலாகாது. ஆல்காட்டுக்குப் பின் சபைக்குத் தலைமையேற்ற அன்னி பெசன்ட் 1909இல் எழுதிய கட்டுரையில், ஒடுக்கப்பட்டோரின் பிள்ளைகளை மற்றப் பிள்ளைகளுடன் ஒரே பள்ளியில் சேர்ப்பதை எதிர்த்தார். தூய்மையின்மையைக் காரணம் காட்டினார். அண்ணல் அம்பேத்கர் 1945இல் வெளியிட்ட நூலில் அக்கட்டுரையை நீளமாக எடுத்தாண்டு அம்பலப்படுத்தினார். ஒரே வளாகம், ஒரே சபை, பதினைந்து ஆண்டு இடைவெளி. வரிசையாக உட்கார வைக்கப்பட்ட பள்ளிக் குழந்தைகளின் படமொன்றைக் காணும்போது இவ்விரண்டையும் சேர்த்தே நினைவுகொள்ள வேண்டும்.

தியாகராய நகருக்கு மிகப் பழைய படங்கள் இராது. அது அப்போது ஏரி. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டை நோக்கி நீண்டுகிடந்த பெரிய ஏரியை வடித்து 1920களில் நகர் அமைத்தார்கள். நீதிக்கட்சித் தலைவர்களின் பெயர்கள் சாலைக்கும் பூங்காவுக்கும் சூட்டப்பட்டன. மேற்கு மாம்பலத்தின் லேக் வியூ சாலை மட்டும் மறைந்த நீரை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது. அரசே திட்டமிட்டு ஏரியின் மீது வீடு கட்டினால் அது நகர் விரிவாக்கம். ஏழை கால்வாய் ஓரத்தில் குடிசை போட்டால் ஆக்கிரமிப்பு. நீர்நிலைப் பாதுகாப்பு பேசும் நண்பர்கள் இந்த இரட்டை அளவுகோலுக்கு விடை சொல்லட்டும்.

அந்தக் கால்வாயே நம் பேச்சின் மையம். 1876–78 பெரும்பஞ்சத்தின்போது, கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் ஏறத்தாழ 8 கிலோமீட்டர்ப் பகுதி பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. ஆளுநர் பக்கிங்காம் பிரபுவின் பெயர் அதற்கு வைக்கப்பட்டது. வெட்டியவர்கள் யார்? பஞ்சத்தில் முதலில் வீழ்ந்தவர்கள் நிலமற்ற கூலிகள்; தமிழ் மாவட்டங்களில் அவர்களுள் பெரும்பகுதியினர் தலித் மக்கள். ரிச்சர்ட் டெம்பிள் அறிவித்த நிவாரணக் கூலி ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறு காசும்தான். அரைக் கிலோவுக்கும் குறைந்த தானியத்தில் மண் வெட்ட முடியாது என்று சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்து எழுதினார். அதே பஞ்சத்தில் படை அதிகாரி வில்லோபி வாலஸ் ஹூப்பர், எலும்பு துருத்திய மனிதர்களை வரிசைப்படுத்தி உட்காரவைத்துப் படமெடுத்தார். படம் எடுத்தபின் உதவியின்றி அனுப்பிவிட்டார் என்னும் குற்றச்சாட்டு அவர் மீது அக்காலத்திலேயே எழுந்தது. உலகெங்கும் அறியப்பட்ட அப்படங்களில் உள்ள ஒருவரின் பெயரும் நமக்குத் தெரியாது.

1990களில் அக்கால்வாயின் மீதே பறக்கும் ரயிலுக்குத் தூண்கள் நட்டது அரசு. 2022 மே மாதம், மயிலைக்குத் தெற்கே இராசா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில், கால்வாய்க் கரையில் பல பத்தாண்டுகள் வாழ்ந்த குடும்பங்களின் வீடுகள் நீதிமன்ற உத்தரவின்பேரில் இடிக்கப்பட்டன. அதைத் தடுக்கக் கோரித் தீக்குளித்த குடியிருப்பாளர் ஒருவர் உயிரிழந்தார். அதற்குச் சில வாரங்களுக்கு முன், ஏப்ரல் 14 அன்றுதான், அதே இராசா அண்ணாமலைபுரத்தின் மணிமண்டபத்தில் அம்பேத்கர் சிலை திறக்கப்பட்டிருந்தது. உயிரிழப்புக்குப் பிறகே, மந்தைவெளி, மயிலாப்பூர்ப் பகுதிகளில் வீடு ஒதுக்கப்படும் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். அதுவரை சொல்லப்பட்ட மாற்றிடம் நகருக்கு வெளியே உள்ள பெரும்பாக்கம்.

வெளியேற்றத்தின்போது கேட்கப்படுபவை பட்டா, குடும்ப அட்டை, வாக்காளர் அட்டை, மின்கட்டண ரசீது. பழைய குடியிருப்புகளில் இவற்றைவிட மூத்த சான்றுகள் சுவரில் மாட்டியிருக்கின்றன: திருமணப் படம், மன்றத் திறப்பு விழாப் படம், இரவுப் பள்ளிக் குழுப்படம், ஏப்ரல் 14 ஊர்வலப் படம். வெள்ளத்திலும் இடிப்பிலும் முதலில் அழிபவையும் இவையே. கல்லூரி மாணவர்கள், குறிப்பாகச் சைதாப்பேட்டை எம்.சி.ராஜா விடுதி போன்ற இடங்களில் தங்கிப் பயில்வோர், ஒரு குடியிருப்பைத் தேர்ந்தெடுத்து இவற்றைப் படியெடுக்கத் தொடங்கலாம். ஒவ்வொரு படத்தின் பின்புறத்தையும் படியெடுங்கள். ஸ்டுடியோவின் முத்திரையும் தேதியும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். படத்தில் உள்ளவர்களின் பெயர்களை இடமிருந்து வலமாக, வீட்டாரின் ஒப்புதலோடு, அவர்கள் சொல்லும் முறையிலேயே எழுதிக்கொள்ளுங்கள். அசல் அவர்கள் வீட்டிலேயே இருக்கட்டும்.