பெரியம்மாவின் பெரிய எழுத்து

திருவண்ணாமலையில் என் பெரியம்மா வீட்டு மொட்டைமாடியில் எங்கே உட்கார்ந்தாலும் மலை தெரியும். மார்கழி விடியலில் ஒலிபெருக்கியில் திருவெம்பாவை வரும்; மாணிக்கவாசகர் இந்த ஊரில்தான் அதைப் பாடினார் என்பது மரபு. அது காதில் விழ, பெரியம்மா வேதம் வாசிப்பார். கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு, கல்யாணத்துக்கு வந்த கறுப்பு அட்டை வேதாகமம் பீரோவுக்குப் போய்விட்டது. இப்போது கையில் போன். இரண்டு விரலை வைத்து விரிக்கிறார். வரிக்கு மூன்று சொல் நிற்கிறது.

"கண்ணாடிய எங்க வெச்சேன்னு தேட வேணாம்ப்பா" என்கிறார்.

தமிழ் வேதத்தின் அச்செழுத்தும் முதலில் பெரிதாகத்தான் இருந்தது. 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு, டென்மார்க் அரசர் அனுப்பிய ஜெர்மானிய மிஷனரி. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு மணலில் விரலால் எழுதித் தமிழ் படித்தவர். 1711இல் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்து முடித்தார். ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழ் அச்செழுத்துகள் 1713இல் வந்து சேர்ந்தன. அவற்றில் அச்சிட்டால் கையிருப்புக் காகிதம் நூல் முழுவதற்கும் காணாது. காகிதமோ கப்பலில் வரவேண்டும். ஆகவே தரங்கம்பாடியிலேயே சின்ன எழுத்து வார்த்தார்கள். ஈயத்துக்கு, இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டிகளைச் சுற்றியிருந்த தகட்டை உருக்கினார்கள். 1715இல் அச்சு முடிந்தது. இந்திய மொழிகளில் அச்சேறிய முதல் புதிய ஏற்பாடு அது. தமிழ் வேதம் கைக்கு அடக்கமானது காகிதத் தட்டுப்பாட்டால்தான். அந்த ஈயத்தை உருக்கிய கைகளை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு நெகிழ்ந்துவிடும்.

அதே நூற்றாண்டில் இன்னொரு ஜெர்மானிய மிஷனரி பெப்ரிசியுஸ் முழு வேதாகமத்தையும் புதிதாகப் பெயர்த்தார். 1871இல் ஹென்றி பவர் குழுவின் மொழிபெயர்ப்பு வந்தது. சபைகளில் இன்றும் வாசிப்பது பெரும்பாலும் அதைத்தான். ஆனால் லுத்தரன் சபைகள் பெப்ரிசியுஸைத் தங்க மொழிபெயர்ப்பு என்று போற்றி, நெடுங்காலம் கைவிடவில்லை. டேனிஷ் மிஷன் பள்ளி இருக்கிற எங்கள் ஊரும் அந்த வழிதான்.

புத்தகத்திலிருந்து கருவிக்கு வந்த பாதை கரடுமுரடு. 1996இல் பாம் கையடக்கக் கருவி வந்த பிறகு ஆங்கில வேதாகமம் அதில் ஏறிவிட்டது. தமிழுக்கு அப்போது ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு குறியாக்கம். யூனிகோடு 1991இலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கியிருந்தும் கருவிகள் அதைக் கற்கவில்லை. 2008 ஜூலை 10 அன்று ஆப்பிளின் ஆப் ஸ்டோர் திறந்த அன்றே யூவெர்ஷன் வேதாகமச் செயலி அதில் இருந்தது. இரண்டு வருஷம் கழித்துப் பெரியம்மாவுக்கு நான் வாங்கிக்கொடுத்த போனிலோ தமிழ் வெறும் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. அடுத்த போனில் எழுத்து வந்தது, கொம்பு இடம் மாறி. "தேவன்" என்பதில் த முன்னே நிற்க, கொம்பு ஒரு புள்ளி வட்டத்தோடு பின்னால் ஒட்டிக்கொண்டிருந்தது. பெரியம்மா அதையும் எழுத்துக்கூட்டிப் படித்தார்.

இன்று அவர் தேடுகட்டத்தில் "மலை" என்று தட்டுகிறார். மலை வரும் வசனமெல்லாம் வரிசையாக வந்து நிற்கிறது. முன்பெல்லாம் இதற்கு ஒத்தவாக்கிய அகராதி வேண்டும். அது சபை ஐயர் வீட்டு அலமாரியில்தான் இருக்கும். எட்டாவது வரை படித்த ஒரு பெண் ஐயரைக் கேட்காமல் தானே தேடுகிறாள் என்பதுதான் இந்தப் பயணத்தில் எனக்குப் பெரிதாகப் படுகிறது. பவரின் "தேவன்" ஒரு பக்கம், 1995இல் வந்த திருவிவிலியத்தின் "கடவுள்" இன்னொரு பக்கம் என்று ஒப்பிட்டும் பார்க்கிறார்.

போன வாரம், "எங்க ஆயா பராபரன்னு சொல்லித்தான் ஜெபிக்கும். அது இதுல இருக்கா?" என்றார். பெப்ரிசியுஸின் சொல் அது. அவர் போனிலிருந்த பதிப்புகளில் பெப்ரிசியுஸ் இல்லை. இணையத்தில் பழைய அச்சுப் பிரதி ஒன்றின் படங்களைத் தேடி இறக்கிக் கொடுத்தேன். மங்கிய தாள், எறும்பு எழுத்து. பெரியம்மா இரண்டு விரலால் விரித்துக்கொண்டே போனார். கடைசியில் திரை முழுக்க அந்த ஒரே சொல்.

"இதுதான்" என்று போனை என் பக்கம் திருப்பினார்.