விழாவும் வணிகமும்

அணுபுரத்திலிருந்து கடற்கரையை நோக்கிச் சென்றால் சதுரங்கப்பட்டினத்துக் கோட்டையைக் காணலாம். நம் முன்னோர் ஒல்லாந்தர் என்றழைத்த டச்சு வணிகர், பதினேழாம் நூற்றாண்டில் இங்கே தங்கி, நம் நெசவாளர் நெய்த மெல்லிய துணிகளைக் கப்பலேற்றினர். அவர்தம் கல்லறைகள் கோட்டைக்குள் இன்றும் இருக்கின்றன.

மாணவர்களே, அவ்வணிகரின் தாயகத்தில் ஒரு வழக்கம் உண்டு. டிசம்பர் 5-ஆம் நாள் மாலை, புனித நிக்கோலாசின் பெயரால் குழந்தைகளுக்குத் தின்பண்டமும் விளையாட்டுப் பொருளும் அளிப்பர். நிக்கோலாஸ் என்பவர் நான்காம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியிலுள்ள மைரா நகரின் ஆயராக விளங்கியவர்; வறியவர்க்கு மறைவாக உதவியவர் என்று மரபு கூறும். டச்சுக்காரர் அவரைச் சிண்டர்கிளாஸ் என்றனர். அமெரிக்காவில் அவர்கள் அமைத்த நியூ ஆம்ஸ்டர்டாம், 1664-இல் ஆங்கிலேயர் வசமாகி நியூயார்க் ஆயிற்று. அந்நாட்டில் பின்னாளில் அப்பெயர் சாண்டா கிளாஸ் என மருவியது.

கிறிஸ்துமஸ் என்றும் கடைவீதித் திருநாளாகவே இருந்ததென்று எண்ணிவிடலாகாது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில், 1659-இல் இவ்விழாவைக் கொண்டாடுவோர்க்கு ஐந்து ஷில்லிங் தண்டம் விதித்தனர். வேதத்தில் ஆணையில்லாத களியாட்டம் என்பது அவர்கள் கருத்து. அச்சட்டம் 1681-இல்தான் நீங்கியது.

பிறகு காலம் மாறிற்று. நண்பர் அனைவர்க்கும் கடிதம் எழுத நேரமில்லாத ஹென்றி கோல் என்பார், 1843-இல் இலண்டனில் வாழ்த்து அட்டை அச்சிடுவித்தார். மிகுந்தவை ஒரு ஷில்லிங் விலைக்கு விற்கப்பட்டன. அன்பும் அன்று விலைப்பொருளாயிற்று. 1931 முதல் ஹாடன் சண்ட்பிளோம் வரைந்த செந்நிற உடைத் தாத்தாவைக் கோக்கோ கோலா விளம்பரங்கள் உலகெங்கும் பரப்பின. மறைவாக ஈந்த ஆயரை வணிகம் கடைவாயிலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டது!

இன்று டிசம்பர் பிறந்தவுடன் நம் கடைகளிலும் நட்சத்திர விளக்குகள் தொங்குகின்றன. தள்ளுபடி விளம்பரங்கள் அழைக்கின்றன. தீபாவளியும் பொங்கலும் இதற்கு விலக்கல்ல. வணிகம் இழிதொழில் அன்று. சதுரங்கப்பட்டினத்துத் தறிகளும் அதனால்தான் ஓடின. ஆனால் பரிசின் விலையே அன்பின் அளவாகும்போது, வாங்க இயலாத தந்தை தன் பிள்ளைகள் முன் தலைகுனிகிறார், அல்லது கடன்படுகிறார். மாட்டுக்கொட்டிலில் பிறந்த குழந்தையின் திருநாள் ஏழையை நாணச் செய்யலாமா?

இவ்வழக்கங்களில் பெரும்பாலானவை இருநூறு ஆண்டு வயதுகூட எய்தாதவை. மனிதர் ஆக்கியவற்றை மனிதரே அளவோடு நிறுத்தவும் கூடும். வரலாறு நமக்குத் தரும் பரிசு இந்தத் தெளிவே.